இரத்தக் கொதிப்பும் நாள் தவறாத மாத்திரையும்



புகழனைத்தும் அல்லாஹு தஆலாவுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்து வருவதே என்று நாயகமவர்கள் அருளியிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வந்துள்ள ஹதீது இது. நாம் மதரஸாவில் ஓதிய நாளில் இதை நபில் தொழுகைக்கும் திக்ருக்குமே பொருத்திச் சொல்லித் தந்தார்கள். இன்று நமது கடைத்தெருவைப் பார்க்கையில், இதை ஒரு சிறு மாத்திரைக்கும் பொருத்திச் சொன்னால் தவறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

இரத்தக் கொதிப்பைப் பற்றித்தான் சொல்ல வருகிறோம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருக்கும் சங்கதியே தெரியாது. தெரியாதவர் நிலை பரிதாபம். தெரிந்தும் மருந்தை விட்டவர் நிலையோ அதைவிடப் பரிதாபம். செல்வந்த நாடுகளில்கூட, நீடித்த நோயுடையவர்களில் பாதிப் பேர்தாம் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே எழுதியது.

ஏன் விடுகிறார்கள்? பெயரே நம்மை ஏமாற்றுகிறது என்போம். கொதிப்பு என்றதும் தலை சுற்ற வேண்டும், முகம் சிவக்க வேண்டும், கோபம் பொங்க வேண்டும் என்று எண்ணுகிறோம். உள்ளே எதுவும் கொதிப்பதில்லை. இரத்தம் ஓடும் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது, அவ்வளவே. 140க்கு 90 என்ற கணக்கைத் தாண்டிப் பல வருஷங்கள் நின்றாலும் பெரும்பாலோர்க்கு ஒரு வலியும் தெரியாது. அந்த வருஷங்களிலெல்லாம் மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே வரும். பிறகு ஒருநாள் காலை பசியாற உட்கார்ந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. நமது வரிசையிலேயே துணிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பு அழுத்தம் சரியாகிவிட்டது என்று சொல்லி அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். இப்போது அவருடைய வலது கை கல்லாவைத் திறக்க உதவாது.

சகோதரர்களே, அழுத்தம் சரியாகிவிட்டது என்ற அந்தப் பேச்சைத்தான் நாம் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். கடையில் அரிசி இருப்பு என்றும் நிறைந்தே இருக்கிறது. வாரந்தோறும் கொள்முதல் நடப்பதால் நிறைந்திருக்கிறது. இருப்பு நிறைந்திருக்கிறதே, இனிக் கொள்முதல் எதற்கு என்று எந்த வியாபாரியாவது சொல்வானா? மாத்திரை சாப்பிடுவதால் அழுத்தம் 130க்கு 80 என்று நிற்கிறது. மாத்திரையை நிறுத்தினால் அது பழைய இடத்துக்கே ஏறும். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் முன்னிருந்ததையும் தாண்டி ஏறிவிடும்.

தவக்கல் வைத்திருக்கிறோம், மருந்து எதற்கு என்பாரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும்படி நாயகமவர்கள் சொன்னதை இவர்களும் ஓதியிருப்பார்கள். இரவில் கடைக்கு இரண்டு பூட்டுப் போடும் கையால் மாத்திரையைத் தள்ளி வைப்பது என்ன தவக்கலோ, நமக்கு விளங்கவில்லை. தேகம் நமது சொந்தச் சரக்கல்ல. உடம்புக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்பது நாயகமவர்களின் போதனை. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இனி, நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறோம். இந்தப் பாரத்தில் பாதி உங்களுடையது. வாப்பா மாத்திரை விட்டுவிட்டார் என்று மகன் சத்தம் போடுவதை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். சத்தம் போட்டால் வாப்பா மாத்திரை சாப்பிடப் பழகமாட்டார், பொய் சொல்லப் பழகுவார். இந்த வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று வாப்பா என்று சாதாரணமாகக் கேளுங்கள். எல்லோருக்கும் மறதி வருவதுதான் என்ற குரலில் கேட்டால் உண்மை வெளிவரும். கால் வீங்குகிறது என்பார், அல்லது வறட்டு இருமல் இராத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார். இரண்டும் சில மாத்திரைகளால் வரக்கூடியவையே. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் கேடு. மூட்டுவலிக்குத் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளிலும் அழுத்தத்தை ஏற்றுபவை உண்டு. அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறதிக்கு மருந்து பழக்கம். சுபுஹுத் தொழுகை நமக்கு நாள் தவறாமல் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். முஸல்லாவை மடித்ததும் மாத்திரை என்று வைத்துக்கொண்டால் தனியாக ஞாபகம் தேவையில்லை. ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள சிறு பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கடைச் சாவி தொங்கும் இடத்தில் வையுங்கள். இன்றைய அறை காலியா இல்லையா என்று பார்த்தால் போதும், விவாதம் வேண்டாம். இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையும் வந்துள்ளது. அது தமக்குப் பொருந்துமா என்று டாக்டரைக் கேட்கலாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

கிளினிக்கில் அரைநாள் போய்விடுகிறதே என்பது வியாபாரிகளின் பெரிய குறை. நியாயமான குறைதான். குடியுரிமை உள்ளவர் ஒரு வெள்ளியில் வைத்தியம் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கில் கூட்டம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் தொடர் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடும், காரில் இருந்தபடியே வாங்கிப்போகும் ஏற்பாடும் பல இடங்களில் இருக்கின்றன. கவுன்டரில் விசாரித்தால் சொல்வார்கள்.

ரமலானைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளிக்கும் பிரயாணிக்கும் வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்றிக்கொள்ளும் சலுகையைத் திருமறை தந்திருக்கிறது. ஆயினும் இரத்தக் கொதிப்பு அடங்கியுள்ள பெரும்பாலோர் நோன்பு நோற்க முடிகிறது. ஒருவேளை மாத்திரையை ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ சாப்பிடலாம். இருவேளை மாத்திரையை இரண்டு நேரத்துக்குமாகப் பிரிக்கலாம். நீர் பிரிவதற்கான மாத்திரைக்கு மட்டும் தனி யோசனை வேண்டும். இதையெல்லாம் ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு முடித்துவிட வேண்டும், தாமாகத் தீர்மானிக்கக் கூடாது. கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. காப்ஸ்யூல் உறை ஹலாலா என்று சந்தேகம் வந்தால் மருந்தாளரிடம் கேட்டு மாற்று வாங்குங்கள். சந்தேகத்தின் பேரில் மருந்தையே விட்டுவிடுவது பேணுதல் ஆகாது.

ஊருக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். கல்யாணம், கந்தூரி என்று ஒன்றரை மாதம் தங்கும்போது மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. திரும்பி வந்து பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடுகிறோம். போகும் நாளுக்கும் மேலே ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கைப்பையில் எடுத்துப் போங்கள். பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் போகும்.

கடைசியாக, முதலாளிமார்களுக்கு. நமது கடைகளில் இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து வேலை செய்யும் தம்பிமார்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் பலர். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்த பிறகு அவர்கள் வாய் திறப்பதில்லை. ஒரு வெள்ளி வைத்தியம் அவர்களுக்கு இல்லை. வெளிநாட்டார் கட்டணம் பல மடங்கு அதிகம், மருந்துக்கும் காசு வேறு. லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பாரோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே கேட்போம். அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்போம். காலையில் கடை திறந்ததும், தேத்தண்ணீருக்கு முன், ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்துப் பார்ப்போம். கணக்கு ஏறியிருந்தால் அந்த வாரத்திலேயே டாக்டரிடம் அனுப்பி, மருந்துச் செலவைக் கடைக்கணக்கில் எழுதுவோம். அதைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.