கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்

எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் கடன் இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் அன்னதான மண்டபத்தில் நாம் பேசாத விடயமும் அதுவே. பிள்ளைகளின் அரங்கேற்றம் பற்றிப் பேசுவோம், வீட்டு விலை பற்றிப் பேசுவோம். 'வங்குரோத்து' என்ற சொல் மட்டும், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் வரும். கணக்காளனாகத் தொழில் செய்யும் நானும் ஒருகாலத்தில் அந்தத் தாழ்ந்த குரலுக்கு உரியவனாக இருந்தேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு. அகதியாக இந்நாட்டுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. யாழ். பல்கலைக்கழகத்தின் வணிகமாணிப் பட்டம் இருந்தும் ஸ்காபரோவில் ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கேடு எழுதும் வேலைதான் கிடைத்தது. வரி போக மாதம் 3,300 டொலர். மனைவி முதியோர் இல்லமொன்றில், அன்றைய ஒன்ராறியோக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 14 டொலருக்கு வேலை செய்தார். அவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 2,000. மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவனுக்கு ஒன்று. இருவரையும் பகல்நேரக் காப்பகத்தில் விட மாதம் 2,700 டொலர். நகரசபையின் கட்டண உதவிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

ஓர் இரவு கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன். "நீர் வேலையை விட்டால் மாதம் 700 டொலர் மிச்சம்." அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கட கணக்கில இந்த வருசம் மட்டும்தானே இருக்கு. பிள்ளையள் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு ஆர் வேலை தருவினம்?"

அவர் சொன்னதே சரி. ஆனால் அந்த 700 டொலரைத் தாங்கியது கடனட்டை. ஓராண்டுக்குள் கடனட்டைகளிலும் வங்கிக் கடனிலுமாக 28,000 டொலர் சேர்ந்துவிட்டது. தம்பியை நாட்டிலிருந்து வெளியே எடுப்பதற்காக முன்னரே பெற்ற 12,000 டொலர் கடனும் இருந்தது. அதற்கு நண்பரொருவர் பிணை கையெழுத்திட்டிருந்தார். இவற்றோடு மச்சான் எழுத்தும் வட்டியும் இல்லாமல் கையில் தந்த 6,000.

உரிமம் பெற்ற இன்சொல்வன்சி ட்ரஸ்டி ஒருவரிடம் போனேன். இந்நாட்டில் வங்குரோத்தைப் பதிவு செய்ய அவர்களாலேயே முடியும். போகும்போது மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. முதலில் மச்சானின் பணத்தை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடுவது, பிறகு வங்கிகளுக்குக் கையை விரித்துவிடுவது. அதுவே தர்மம் என்று நினைத்தேன். முதல் கேள்விகளிலேயே அத்திட்டம் உடைந்தது. கடந்த 12 மாதங்களில் உறவினர் எவருக்காவது கடன் தீர்த்தீரா என்று கேட்டார். அப்படிக் கொடுத்ததை மீளப்பெறச் சட்டம் இடமளிக்கிறது. சட்டத்தின் முன் மச்சானும் ஒரு கடன்காரர், வங்கியும் ஒரு கடன்காரர். எவரையும் பட்டியலில் ஒளிக்க முடியாது.

அடுத்தது அதைவிடக் கடினமாக இருந்தது. வங்குரோத்து என்னை விடுவிக்குமே தவிர, எனக்காகக் கையெழுத்திட்டவரை விடுவிக்காது. நான் சட்டப்படி நிம்மதியாக நித்திரை கொள்ளும் அன்று, அந்த நண்பரின் கதவை வங்கி தட்டும்.

நம் மொழியில் கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். கொடுக்க வேண்டிய பணமும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். நேர்த்திக்கடன் என்கிறோம், நன்றிக்கடன் என்கிறோம். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த எமது தேசவழமை, பெற்றோர் விட்டுச்சென்ற கடனுக்குப் புதல்வர்களைப் பொறுப்பாக்கியது. அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு, ஒன்பது மாதத்தில் கடன் அழிந்துவிடும் என்ற கனடியச் சட்டம் முதலில் கேட்கக் கூசத்தான் செய்கிறது.

ஆனால் கூச்சம் வேறு, நியாயம் வேறு. கடனட்டைக்கு 20 வீதம் வட்டி வாங்கும் வங்கி, சிலர் திருப்பித் தரமாட்டார்கள் என்பதையும் அந்த வட்டிக்குள் கணக்கிட்டே கொடுக்கிறது. என் மச்சான் அப்படி எதையும் கணக்கிடவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தந்தார். சட்டம் இருவரையும் ஒரே தராசில் வைப்பது சரியே, அல்லாவிடில் எல்லோரும் சொந்தக்காரருக்கே முதலில் கொடுப்பார்கள். ஆனால் சட்டம் நிறுத்தும் இடத்தில் என் மனச்சாட்சியும் நின்றுவிட வேண்டும் என்பதில்லை. விடுபட்ட பின்னர் ஒருவர் தாமாக விரும்பிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.

இறுதியில் வங்குரோத்துக்குப் போகாமல், கடன்காரருடன் உடன்படும் 'கன்சியூமர் புறொப்போசல்' முறையைத் தேர்ந்தோம். மாதம் 300 டொலர் வீதம் ஐந்து ஆண்டுகள். கையெழுத்திடும் முன்னர் மச்சானிடமும் நண்பரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். மச்சான், "பிள்ளையளைப் பார், பிறகு பாப்பம்" என்றார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிணைக் கடனின் மிகுதியை அவரே கட்டி முடித்தார். 2023இல் எமது கட்டுமானம் முடிந்த மறுமாதம் முதல் இருவருக்கும் சிறிது சிறிதாகக் கொடுத்து வருகிறேன். நண்பர் கோவிலில் கண்டால் சுகம் விசாரிப்பார். முன்போல வீட்டுக்கு வருவதில்லை. அந்தக் கணக்கை எந்த ஏட்டிலும் சமன் செய்ய என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022 மார்ச்சில் ஒன்ராறியோ மத்திய அரசுடன் குழந்தைப் பராமரிப்பு உடன்படிக்கை செய்தது. 2025 ஜனவரி முதல், அத்திட்டத்தில் சேர்ந்த காப்பகங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 22 டொலரே உச்சக் கட்டணம். அதே சம்பளம், அதே சிக்கனம், அதே இரு பிள்ளைகள், ஆனால் மாதம் 2,700 அல்ல, ஆயிரத்துக்குள். அப்படியானால் அன்று நாங்கள் பட்ட அவமானத்தில் எவ்வளவு எங்கள் குற்றம், எவ்வளவு காலத்தின் குற்றம்? ஊதாரித்தனத்தால் விழுந்தவரையும் பிள்ளைக்காக விழுந்தவரையும் ஒரே தாழ்ந்த குரலில் பேசுவது முறையாகாது.

இன்று இந்நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடனட்டையால் கடனட்டையை அடைக்கும் நிலை வருமுன்னர் ட்ரஸ்டி ஒருவரைப் பாருங்கள். வங்குரோத்தில் உங்கள் மேலதிக வருமானத்தைக் கணக்கிடும்போது பிள்ளைப் பராமரிப்புச் செலவு கழிக்கப்படும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிணை நின்றவரிடம், வங்கியின் கடிதம் போகுமுன்னர் நீங்கள் போங்கள். பணத்தைக் கொடுக்க முடியாத நாளிலும் உண்மையைச் சொல்ல முடியும். அதுவும் ஒரு கடனே.