நாகைக்கு ஒரு முடிச்சு

மூன்று அங்குல உயரத்தில் ஒரு சின்னப் பலகை. அதில் துளையிட்டுக் கோத்த கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். சோழமண்டலக் கரையில் தோணி ஓட்டிய தண்டல்களுக்குக் கடல் வரைபடம் இதுதான். ராப்பலகை என்பார்கள்.

இரவில் பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். கீழ் விளிம்பு தொடுவானத்தில் உட்கார, மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். அப்போது மூக்குவரை வரும் கயிற்றின் அளவில் ஒரு முடிச்சு. ஊருக்கு ஒரு முடிச்சு. வடக்கே போகப் போக துருவ நட்சத்திரம் உயரும், கயிறு குறுகும். மூன்று அங்குலப் பலகைக்கு நாகையின் முடிச்சுக்கும் சென்னையின் முடிச்சுக்கும் இடையே சுமார் நாலு விரற்கடைதான். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை நீளக் கரையும் நாலு விரலுக்குள்! கிழக்கே எவ்வளவு தூரம் போயிருந்தாலும், நாகை முடிச்சு பொருந்தும்வரை தெற்கேயோ வடக்கேயோ ஓட்டி, பிறகு மேற்கே திருப்பினால் வீடு. கடாரத்து அரசன் சூடாமணி விகாரம் எழுப்பும் அளவுக்குக் கடல் கடந்த உறவு இருந்த துறைமுகம் நாகை.

மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையை செக்ஸ்டன்ட் வைத்து அளந்தார். நிலத்தையும் நீரோட்டத்தையும் அளந்தே தேய்ந்த மனிதர். சென்னையில் 1792-இல் வானாய்வுக்கூடம், 1794-இல் நிலஅளவைப் பள்ளி எல்லாம் அவர் முயற்சி. 1796-இல் மசூலிப்பட்டினத்தில் இறந்தார். பெரிய உழைப்பு, அவர் பெயர் நிலைத்தது நியாயம்தான். காகிதத்தில் எழுதினார், நின்றது. தண்டல்கள் கயிற்றில் எழுதினார்கள். கயிறு உப்பில் இற்றுப்போனது. 1850-இல் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி சென்னை இதழொன்றில் விவரித்திராவிட்டால் அந்தப் பலகையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. அதைப் பிடித்தவர்களில் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

நாகையை அடுத்த அக்கரைப்பேட்டையில் இப்போது விசைப்படகுக்கெல்லாம் ஜிபிஎஸ் வந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், அது வருவதற்கு முன்னால் இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஈயக்குண்டை இறக்குவோம் தம்பி. அடியில சேறு ஒட்டிச்சுன்னா ஒரு இடம், மணல் ஒட்டிச்சுன்னா வேற இடம்."

"எத்தனை பாகத்துல சேறு வரும், ஐயா?"

நோட்டைத் திறந்தேன். வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தபடி, ஒவ்வொரு பாகமாக எண்ண ஆரம்பித்தார்.