அடகு நகையும் ஆட்டமும்

2020-ல் டெல்லி இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங்குக்கு லண்டன் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு முகம் தெரியாதவர்கள் இணையம் வழியே பணம் கொடுத்தார்கள்.

எங்கள் வடக்குத்தில் பிள்ளையின் இன்ஜினியரிங் சீட்டுக்கு நகையை அடகு வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேலை கிடைத்ததும் மீட்டுவிடலாம் என்ற கணக்கு. அதையே நடனத்துக்கு வைத்தால், "உனக்கென்ன பைத்தியமா?" பாலேயில் ஒரு முழங்கால் காயம் போதும், கணக்கு தீர்ந்தது.

நகை அடகில் இருக்கும்வரை பிள்ளை கடனுக்காகத்தான் ஆடும். முகம் தெரியாதவரின் பணத்தில் அந்தப் பாரம் குறைவு. பிள்ளை தோற்றாலும் அவர் வீட்டு அடுப்பு அணையாது. பெற்றவர் இழந்தாலும் தாங்குகிற அளவுக்குக் கொடுக்கட்டும். மிச்சத்தை ஊர்தான் சுமக்கணும். இன்ஜினியரிங்குக்கு அரசுக் கல்லூரி கட்டிச் சுமக்கத்தானே செய்கிறது?