சொல்லை இழந்த எண்

ஒரு எண் தனித்து நின்று எதையாவது அறிவிக்குமா? இந்திய மெய்யியலில் இது பழைய வழக்கு. சொல் கலவாத அறிவே உலகில் இல்லை என்றார் மொழி மெய்யியலாளர் பர்த்ருஹரி. நியாய மரபினர் ஒப்பவில்லை. புலன் பொருளைத் தொடும் முதற்கணத்தில் நிருவிகற்பக் காட்சி உண்டு, பெயர் பிறகே வந்து சேர்கிறது என்றார்கள். சூப்பர் கம்ப்யூட்டர்கள் எழுதிக் குவிக்கும் சிமுலேஷன் கோப்புகளைப் பொறுத்தவரை நான் பர்த்ருஹரி பக்கம் நிற்கிறேன்.

பிரிட்டன் வானிலைத் துறையின் ஹேட்ஜெம்2-இஎஸ் காலநிலை மாதிரியில் ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள். இத்தகைய மாதிரிகளின் முடிவுகள் நெட்சிடிஎஃப் கோப்புகளாகக் கைமாறுகின்றன. அவற்றில் காலம் தேதியாக இருப்பதில்லை. ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் கடந்தது என்ற எண்ணாக இருக்கும். தொடக்கம் 2000 ஜனவரி 1, எண் 59 என்று கொள்வோம். நாம் புழங்கும் நாட்காட்டியில் அது பிப்ரவரி 29. லீப் நாளே இல்லாத நாட்காட்டியில் மார்ச் 1. 360 நாள் நாட்காட்டியிலோ பிப்ரவரி 30! மூன்றிலும் வட்டில் பதிந்திருக்கும் பிட்டுகள் ஒன்றே. எந்த நாள் என்று தீர்ப்பது, நாட்காட்டியின் பெயரைச் சொல்லும் சில பைட் எழுத்து. அது அழிந்தால் 59 அப்படியே இருக்கும், நாள் போய்விடும்.

எழுத்து இடத்தைத் தின்னும் என்பார்கள், உண்மைதான். இரட்டைத் துல்லிய எண் ஒன்றுக்கு எட்டு பைட் போதும். அதையே இழப்பின்றி எழுத்தாக எழுத 17 இலக்கங்கள் வரை தேவை. குறி, புள்ளி, அடுக்கு எல்லாம் சேர்ந்தால் 24 எழுத்து வரை போகும். ஆகவே எண்ணை எண்ணாகவே வைப்பது சரி. பெயர்களிலும் மிச்சம் பிடிக்கலாம். ஒரு சிமுலேஷனின் ஒரு கோடித் துகள்களில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எட்டெழுத்துப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் எட்டுக் கோடி பைட். பெயர்ப்பட்டியலை ஒருமுறை எழுதி, துகளுக்கு ஒரு பைட் சுட்டெண் மட்டும் கொடுத்தால் ஒரு கோடியில் முடிந்துவிடும். எச்டிஎஃப்5 என்னும் கோப்பு வடிவில் நீளம் மாறும் எழுத்துச் சரங்களைப் போட்டுவிட்டுச் சுருக்கத்தை நம்பியிருப்பதும் வீண்: சுருக்கம் சுட்டிகளை மட்டுமே தொடும், எழுத்துகள் வேறிடத்தில் அப்படியே கிடக்கும். ஒரே நீளச் சரங்களோ நன்றாகச் சுருங்கும். இவையெல்லாம் திரும்ப வருவதை நீக்கும் சிக்கனம். எனக்கு முழுச் சம்மதம். பெயர்ப்பட்டியலையே கோப்பிலிருந்து எடுத்து ஆய்வாளரின் நினைவில் விட்டுவிடுவதைச் சிக்கனம் என்று ஏற்க முடியாது. அங்கே மிச்சமாவது சில நூறு பைட், போவது எதைப் பற்றிய எண் என்ற அறிவே.

நியாய மரபினரின் ஆட்சேபம் இங்கும் எழும். வெப்பமானி காட்டிய எண்ணுக்குப் பின்னால் காற்று இருக்கிறது. பெயர் தொலைந்தாலும் உலகத்தோடு ஒட்டிப் பார்த்து ஓரளவு மீட்கலாம். அளவீட்டுக்கு இது பொருந்தலாம். சிமுலேஷனின் எண்ணோ எந்தக் காற்றையும் தொட்டதில்லை. அது பேசும் வளிமண்டலம் சமன்பாட்டிலும் அதற்கு நாம் சூட்டிய பெயர்களிலும் மட்டுமே இருக்கிறது. ஒட்டிப் பார்க்க வெளியே ஒன்றுமில்லை. அப்படியானால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாமே என்பது அடுத்த ஆட்சேபம், இதுதான் வலுவானது. 1961இல் வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் எம்ஐடியில் அதைத்தான் செய்தார். கணினியின் நினைவகத்தில் 0.506127, இடத்தை மிச்சப்படுத்த அச்சில் 0.506 மட்டும் வந்திருந்தது. அச்சில் கண்டதை உள்ளிட்டு ஓட்டினார். மாதிரிக் காலத்தில் இரண்டொரு மாதங்களுக்குள் வானிலை முற்றிலும் வேறாகிவிட்டது. இன்றும் கம்பைலர் மாறி, கூட்டல் வரிசை மாறினால் கடைசி பிட் மாறும். ஒழுங்கின்மை மிக்க அமைப்பில் அதுவே போதும். நெடுங்காலச் சராசரி மட்டும் வேண்டுமென்றால் மறு ஓட்டம் உதவும், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறிப்பிட்ட நாளின் புயல் அதில் திரும்பாது. மறுபடி ஓட்டவும் கம்பைலரின் பதிப்பு, அளபுருக்களின் பெயர்கள், அலகுகள், நாட்காட்டி எல்லாம் வேண்டும். சில கிலோபைட்டுக்குள் அடங்கும் இந்த எழுத்துகள், எண்கள் இருக்கும் அதே கோப்பில் இருந்தாக வேண்டும்.