விறகுக்குப் போன இரவு

அசுவத்தாமன் சிறுவனாக இருந்தபோது, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து அழுதான். அவன் தந்தை துரோணர் வீட்டில் பசு இல்லை. கூட விளையாடிய பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்து, இதுதான் பால் என்று கொடுத்துவிட்டார்கள். பையன் அதைக் குடித்துவிட்டு, நானும் பால் குடித்தேன் என்று கூத்தாடினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் துரோணர் பாஞ்சால நாட்டுக்குப் புறப்பட்டார். அங்கே அரசனாக இருந்த துருபதன் அவருடைய பள்ளித் தோழன்.

இருவரும் அக்னிவேச முனிவரிடம் வில்வித்தை படித்தவர்கள். சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து உறங்கி வளர்ந்தவர்கள். நான் பட்டத்துக்கு வந்தால் என் நாடு உனக்கும்தான் என்று துருபதன் அந்த நாளில் சொல்லியிருந்தான். அதை நம்பி வந்தவரைப் பார்த்து, இப்போது அவன் சொன்னது வேறு: சமமானவர்களுக்குள்தான் நட்பு, அரசனுக்கும் ஆண்டிக்கும் ஏது சிநேகம்?

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாரதம். துரோணர் தம் மாணவன் அர்ஜுனனை ஏவித் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்தார். பாதி நாட்டை எடுத்துக்கொண்டார். இப்போது நாம் சமம் ஆகிவிட்டோம் என்று கேலியும் பேசினார். துருபதன் விடுவானா? துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று வேள்வி செய்தான். திருஷ்டத்யும்னன் பிறந்தான், அதே வேள்வியில் திரௌபதியும் வந்தாள். குருக்ஷேத்திரத்தில் 15-ஆம் நாள் துருபதன் துரோணர் கையால் விழுந்தான். துரோணர் துருபதன் மகன் கையால் விழுந்தார். ஒரே குருவிடம் படித்த இருவருக்கும் ஒரே நாளில் முடிவு.

தவறு யாருடையது என்று கேட்டால், துருபதன் பக்கம் கைநீட்டுவது எளிது. பழைய தோழனை இன்றைய தராசில் நிறுத்தியவன் அவன். ஆனால் துரோணரிடமும் ஒன்று உண்டு. பிள்ளை வயதில் விளையாட்டாய்ச் சொன்ன சொல்லை அவர் கடன் சீட்டாக மடித்து வைத்திருந்தார். வரவில்லை என்றதும் வட்டியோடு வசூலித்தார்.

இதே கதையின் மறுபக்கம் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒரு பரம ஏழை, அரண்மனையில் வாழும் பள்ளித் தோழனைப் பார்க்கப் போகிறார். குசேலர் கையில் இருந்தது அக்கம்பக்கத்தில் மனைவி கேட்டு வாங்கிய நான்கு பிடி அவல். கண்ணன் ஓடிவந்து கட்டிக்கொண்டான், காலைக் கழுவினான், தன் கட்டிலிலேயே உட்காரவைத்தான். ருக்மிணி சாமரம் வீசினாள். நரம்பெல்லாம் தெரிகிற இந்தக் கந்தல்துணிக்காரர் யார் என்று அந்தப்புரமே வியந்து நின்றது.

பிறகு இருவரும் கையைப் பிடித்தபடி பேச உட்கார்ந்தார்கள். படிப்பு முடித்துப் போனாயே, கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்த கண்ணன், கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடப் பேச்சுக்கு வந்துவிட்டான். சாந்தீபனி முனிவரின் மனைவி விறகு கொண்டுவரச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டான். காட்டில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தது. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் எங்கும் வெள்ளம். திசை தெரியாத பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அலைந்தார்கள். விடிந்ததும் சாந்தீபனி தாமே தேடிவந்து கண்டுபிடித்தார்.

64 நாளில் 64 கலை கற்றவன் கண்ணன் என்கிறது பாகவதம். தோழனைக் கண்டதும் அவன் வாயில் அந்த 64-ல் ஒன்றுகூட வரவில்லை. நனைந்த கதைதான் வந்தது. குசேலரும் எதையும் கேட்கவில்லை. அவலைக் கொடுக்கவே கூச்சப்பட்டார். கண்ணன்தான் பிடுங்கித் தின்றான்.

அந்தப் பள்ளிக்குக் கட்டிய குருதட்சிணையைக் கடலுக்குப் போகும் காசிமேட்டுக்காரர்களிடம் சொன்னால் உடனே புரியும். பிரபாசக் கடல் கொண்டுபோன தம் மகனைத் திருப்பித் தரவேண்டும் என்று சாந்தீபனி கேட்டார். கண்ணனும் பலராமனும் கடலுக்குள் தேடி, அங்கே கிடைக்காமல் யமன் ஊர்வரை போய்ப் பையனைக் கூட்டிவந்தார்கள்.

உயிரைக் காத்த வகுப்புத் தோழர் கதை ஒன்று காஞ்சிப் பக்கத்திலும் உண்டு. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் படித்தார். சித்தி மகன் கோவிந்தரும் அதே வகுப்பு. ஒருநாள் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஓர் உபநிடத வாக்கியத்துக்குச் சொன்ன பொருள் பொறுக்காமல் ராமானுஜர் கண்ணீர்விட்டார். அந்தச் சொட்டு குருவின் தொடையில் சுட்டது என்கிறது குருபரம்பரை. மனத்தாங்கல் வளர்ந்தது. மாணவர்களைக் காசிக்கு அழைத்துப் போய், ராமானுஜரைக் கங்கையில் முடித்துவிடத் திட்டம். அது கோவிந்தர் காதில் விழுந்தது. விந்திய மலைக்காட்டில் தனியே பார்த்து, ஓடிப்போய்விடு என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மற்றவர்களோடு நடந்தார். பின்னாளில் அவரே எம்பார் ஆனார். ராமானுஜரின் சீடராகவே வாழ்ந்தார். யாதவப்பிரகாசரும் முதுமையில் அதே மாணவரிடம் வந்து சரணடைந்தார் என்பது அதைவிட ஆச்சரியம்.

சமமானவர்களுக்குள்தான் நட்பு என்ற துருபதன் சட்டம் செல்லாத ஊர் திருவொற்றியூர். இங்கே தியாகேசரான சிவன், மனிதரான சுந்தரருக்குத் தோழர். தாம் மணக்க விரும்பிய சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தபோது, அந்த நேரம் சன்னதியை விட்டு மகிழமரத்தடியில் போய் இருங்கள் என்று சுந்தரர் உரிமையோடு கேட்டார். சரி என்ற சிவன், மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சங்கிலியார் கனவில் போய்ச் சொல்லிவிட்டார்! மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அது இன்றும் நடக்கிறது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. தோழன் என்பதற்காக ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீற சிவன் விடவில்லை. கைவிட்டுவிடவும் இல்லை: வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண்.

இந்தத் திருவொற்றியூரைச் சுற்றி, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளில், மீனவர் பிள்ளையும் துறைமுகத் தொழிலாளி பிள்ளையும், விம்கோ, எம்.ஆர்.எஃப்., அசோக் லேலண்ட் என்று ஆலைகளுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் தராசு வந்துவிடுகிறது. 25 வருஷம் கழித்து மண்டபம் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டு, பிரியாணியோடு சந்திக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வராதவர் எப்போதும் சிலர் உண்டு. பல நேரம் அந்த வசூல் தொகையே காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது படகும் வலையும் கருத்துப்போய், தொழிலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்தவர்களும் ஏதோ ஒரு வகுப்பில் படித்தவர்கள்தானே?

குசேலரை வழியனுப்ப வீட்டில் மனைவி இருந்தாள். இவர்களைக் கிளப்பிவிட யாரும் இல்லாமல் இருக்கலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே, பெயர் விட்டுப்போனவர்களைத் தேடி இரண்டு பேர் கிளம்பலாம். போன இடத்தில் இப்போது என்ன செய்கிறாய் என்று ஆரம்பிக்காமல், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரில் ஆரம்பிக்கலாம்.