வந்தவர் எப்போது ஊரார் ஆகிறார்?

பிறந்த நாட்டை விட்டு ஐரோப்பாவில் குடியேறும் ஒருவருக்குக் குடியிருப்பு அனுமதி, வேலை ஒப்பந்தம், வாடகை வீடு எல்லாம் சில மாதங்களில் அமைந்துவிடலாம். அவர் அங்கே இருக்கலாம் என்பதற்கு அவை சான்று. அந்த ஊருக்கு அவர் உரியவரா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. மெய்யியலாளர்கள் இக்கேள்வியை இரண்டு பக்கங்களிலிருந்து அணுகியிருக்கிறார்கள். வந்தவருக்கு உள்ள உரிமை என்ன என்பது ஒன்று. அவர் ஏற்கும் கடமை என்ன என்பது மற்றொன்று.

உரிமையின் பக்கத்தைத் தெளிவாக வகுத்தவர் இம்மானுவேல் காண்ட். நிரந்தர அமைதி குறித்து 1795-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் பூமியின் வடிவத்திலிருந்தே வாதத்தைத் தொடங்குகிறது. பூமி உருண்டை, மனிதர்கள் முடிவின்றி ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போக முடியாது, அருகருகே இருப்பதைப் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும். எந்த இடத்தின் மீதும் ஒருவரைவிட மற்றவருக்கு ஆதியில் கூடுதல் உரிமை இருந்ததில்லை. ஆகவே அமைதியாக வரும் அயலாரைப் பகைவராக நடத்தக் கூடாது. காண்டின் கணக்கில் இது இரக்கம் அன்று, உரிமை. ஆனால் அந்த உரிமை வந்து போவதோடு நின்றுவிடுகிறது. தங்கி வாழத் தனி உடன்பாடு வேண்டும். வந்தவருக்கு அழிவு நேராது என்றால் அவரைத் திருப்பி அனுப்பவும் செய்யலாம்.

இந்த வரம்பை அவர் விதித்த காரணம் கவனிக்கத்தக்கது. வணிகத்தின் பேரில் போய் இறங்கி நாடுகளையே கைப்பற்றிய ஐரோப்பியரை அவர் அதே பகுதியில் கண்டிக்கிறார். இந்தியாவில் அவர்கள் இழைத்த கொடுமைகளையும் குறிப்பிடுகிறார். வலியவர்களைத் தடுக்க எழுந்த வரம்பு இன்று பெரும்பாலும் எளியவர்களின் முன்னே நிற்கிறது.

வந்து போவது, தங்கி வாழ்வது என்று காண்ட் பிரித்துவைத்த இரண்டும் இன்றைய ஐரோப்பியச் சட்டத்தில் அப்படியே தொடர்கின்றன. 1985-இல் கையெழுத்தாகி 1995-இல் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் ஏற்பாட்டின்படி, ஜெர்மன் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம். அந்த அட்டையைக் கொண்டு மட்டும் அங்கே வேலை பார்க்கவோ குடியேறவோ முடியாது. ஜெர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள ஆகன் நகரில் இதைக் கண்கூடாகக் காணலாம். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் ஏராளம். நகருக்கு அருகே 322 மீட்டர் உயரமுள்ள வால்ஸ் குன்றின் மேல் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கின்றன. குன்றைச் சுற்றி நான்கு அடி வைத்தால், ஒரு நாட்டில் குடியிருப்பவர் மற்ற இரண்டில் வெறும் பார்வையாளர் ஆகிவிடுகிறார்.

சட்டம் இடம் கொடுத்தாலும், மனம் பார்வையாளராகவே இருந்துவிடுவது உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட் 1628 முதல் 1649 வரை பெரும்பாலும் நெதர்லாந்தில் வாழ்ந்தார். அடிக்கடி வீடு மாறினார். தத்தம் வேலையில் மும்முரமாக இருக்கும் பெருங்கூட்டத்தின் நடுவே, யாருடைய தொந்தரவும் இல்லாமல் பாலைவனத்தில் இருப்பதுபோல் இருக்க முடிந்ததே அவருக்கு அந்த நாட்டில் பிடித்த அம்சம். அந்தத் தனிமை சிந்தனைக்கு நல்ல விளைநிலமாக இருந்தது. 1637-இல் அவருடைய முறையியல் நூல் லைடன் நகரில்தான் அச்சேறியது. ஆனால் 1640-களில் உத்ரெக்ட் இறையியலாளர்களோடு தகராறு மூண்டு, நகர மன்றம் அவரை விசாரணைக்கு அழைத்தபோது, அவர் பிரெஞ்சுத் தூதரின் உதவியை நாட வேண்டியிருந்தது. யாருக்கும் கட்டுப்படாத வாழ்வில் நெருக்கடி வரும்போது கைகொடுக்கும் உறவும் குறைவு.

கடமையின் பக்கத்திலிருந்து பேசியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல். நாஜிகள் பிரான்சைப் பிடித்திருந்த 1943-இல், லண்டனில் அயலவராக இருந்து அவர் எழுதிய வேரூன்றல் பற்றிய நூல், அவர் இறந்த பின் 1949-இல் வெளிவந்தது. உரிமைகளுக்கு முன்பே கடமைகள் இருக்கின்றன என்பது அதன் அடிப்படை. ஒரு சமூகத்தின் வாழ்வில் உண்மையாகப் பங்கேற்பதன் மூலமே மனிதர் அங்கே வேர் விடுகிறார். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் தேவை என்றும் வெய்ல் கருதினார். அப்படிப் பார்த்தால், புதிய ஊரில் வேர் விடப் பழைய வேரை அறுக்க வேண்டியதில்லை.

பங்கேற்பு எவ்வளவு எளிய செயல்களில் நடக்கிறது என்பதற்கு ஜெர்மானிய ஞாயிறு ஓர் எடுத்துக்காட்டு. 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பிலிருந்து இன்றைய அரசியலமைப்பு எடுத்துக்கொண்ட ஒரு பிரிவு, ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாளாகப் பாதுகாக்கிறது. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சுவரில் துளை போடக் கூடாது. தெருமுனைத் தொட்டியில் காலிக் கண்ணாடிப் புட்டிகளைப் போடுவதும் கூடாது. சுற்றுலா வந்தவருக்கு இது ஒருநாள் அசௌகரியம். அங்கே குடியிருக்கும் இந்துவோ இஸ்லாமியரோ வாரந்தோறும் அந்த அமைதியைக் காக்கிறார். அதன் கிறிஸ்தவ வேர் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டாரின் ஓய்வை மதிப்பது அவருடைய கடமைதான். நம்பிக்கையில் ஒன்றாதவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகளாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் கடமை ஒருபக்கமாக மட்டும் இருந்தால் அது அநீதி. 1961-இல் துருக்கியோடு செய்த உடன்படிக்கையின் வழியே ஜெர்மனி தொழிலாளர்களை வரவழைத்தது. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தது. பலர் தங்கினார்கள், உழைத்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அயல்நாட்டுப் பெற்றோருக்கு ஜெர்மன் மண்ணில் பிறந்த குழந்தைகள், நிபந்தனைகளோடேனும், பிறப்பாலேயே குடியுரிமை பெறும் வழி 2000-இல்தான் திறந்தது. ஊருக்காக எல்லாம் செய்தவர்களையும் ஊர் நெடுங்காலம் விருந்தாளிகளாகவே வைத்திருந்தது.

ஆகவே ஊராராவது இருதரப்புச் செயல். வந்தவர் கடமை ஏற்க வேண்டும். ஊர் அவர் குரலுக்கு இடம் தர வேண்டும். வால்ஸ் குன்றின் மூன்று பக்கங்களும் இதில் மூன்றுவிதமாக நடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து நெதர்லாந்தில் ஐந்தாண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவர் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பெல்ஜியத்திலும் ஐந்தாண்டுகளுக்குப் பின், பதிவு செய்துகொண்டால், வாக்குரிமை உண்டு. ஜெர்மனியில் குடியுரிமை பெறும் வரை கிடையாது. அதைப் பெறும் இந்தியர், இந்தியச் சட்டப்படி தம் பழைய குடியுரிமையை இழக்கிறார். பக்கத்து நாடுகளுக்குப் போய்வருபவர் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும்: யார் ஊரார் என்பது மண்ணின் இயல்பு அன்று, மனிதர்கள் எடுக்கும் முடிவு. மனிதர்கள் எடுத்த முடிவாதலால் அதற்கு நியாயம் கேட்கவும், இன்னும் நியாயமானதாக அதை மாற்றவும் முடியும்.