இழப்பைச் சுமப்பவர் யார்?

பிணி தீர்க்கும் மனையைத் தீமை என்று சொல்ல எவரும் துணியார். ஆயினும் பொது நன்மை ஒன்று எழும்போது, அதன் பாரம் எவர் தோளில் விழுகிறது என்று கேட்பதும் மார்க்கம் நமக்கு விதித்த கடமையே ஆகும்.

1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து, 1974இல் தனி மாவட்டமாகிய புதுக்கோட்டைக்கு 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது. கல்லூரிக்குப் பரந்த நிலம் வேண்டும். அது நகருக்கு வெளியே முள்ளூரில் அமைந்தது. நகர் நடுவே இருந்த தலைமை மருத்துவமனையின் பணியும் அங்கே பெயர்ந்தது.

மருத்துவமனை வாசல் என்பது ஒரு சிறு கடைவீதியன்றோ! மருந்துக் கடை, தேநீர்க் கடை, பழ வண்டி, பிளாஸ்க்கும் பாயும் விற்கும் பெட்டிக் கடை, ஆட்டோ நிறுத்தம் யாவும் அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் வரும் நோயாளியின் உறவினரை நம்பி நிற்பவை. அவர்கள் வேறு பேருந்தில் ஏறிவிட்டால், அன்றாட வியாபாரத்தில் அடுப்பெரிப்பவர் என் செய்வார்?

அரசு நிலத்தை எடுத்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் துணை வரும். நிலமில்லாதவரும் மூன்றாண்டுகள் அங்கே தொழில் செய்து பிழைத்திருந்தால், அச்சட்டத்தின்படி மறுவாழ்வு கோரலாம். இங்கோ ஓரடி நிலமும் எடுக்கப்படவில்லை. வாடிக்கை மட்டுமே போயிற்று. வாடிக்கை எவருக்கும் சொத்தாகாது. ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ். மருத்துவமனையால் வளர்ந்த கடை, அது என்றும் அங்கேயே இருக்க வேண்டும் என்று உரிமை கோருதல் இயலாது. தேநீர்க் கடையின் பொருட்டு ஓர் உயிர்காக்கும் பணியை நிறுத்துவதும் நீதியன்று. இதுவரை வழக்கு தெளிவானதே.

ஆனால் உரிமை முடியும் இடத்தில் கடமையும் முடிந்துவிடுகிறதா? மதீனாவில் மஸ்ஜித் எழுப்ப இரு அநாதைச் சிறுவர் தம் நிலத்தை இலவசமாகவே தர முன்வந்தபோதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். கி.பி. 1284இல் கெய்ரோ கடைவீதியின் நடுவே சுல்தான் கலாவூன் மாபெரும் மருத்துவமனை கட்டினார். ஏழை, செல்வர் என்ற பேதமின்றி அங்கே சிகிச்சை நடந்தது. எனினும் அரண்மனைவாசிகளை வெளியேற்றியும், மக்களைக் கட்டாய வேலை வாங்கியும் எழுந்த கட்டடம் என்பதால், அதனோடு சேர்ந்த மதரஸாவில் தொழவும் பேணுதலுடையோர் பலர் தயங்கினர் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதியுள்ளார். நோக்கம் தூயதாயினும் வழியில் நேர்ந்த துன்பத்தை அது கழுவிவிடாது என்பதே அத்தயக்கத்தின் பொருள்.

அதே மருத்துவமனைக்குக் கடைகளின் வாடகை வக்பாக எழுதப்பட்டிருந்தது. கடைவீதி நோயாளியைப் போஷித்தது. அவ்வாறிருக்க, மருத்துவமனை இடம் மாறும் வேளையில் கடைவீதியை ஊர் மறக்கலாமா?

செய்யத் தக்கவை பெரியவையல்ல. மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்தல், புதிய வளாகத்தில் அமையும் கடைகளில் பழைய கடைக்காரர்க்கு முதலிடம் அளித்தல், நகருக்குள்ளும் எளிய சிகிச்சைக்கு வழி வைத்தல் ஆகியவை அரசின் பங்கு. வட்டியில்லா அழகிய கடன் கொடுத்து வேறு தொழிலுக்குக் கைதூக்கிவிடுதல் ஜமாஅத்தின் பங்கு. நன்மையை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொண்டு, இழப்பை மட்டும் ஒரு தெருவின் மீது இறக்கிவைப்பது முஃமினின் தராசுக்கு அழகன்று.